எதிர்க்கரை எந்த நாடு?

ரைன் ஆற்றின் கரையில் நின்று நேசன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். எதிர்க்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு, யாரோ தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றி அவரும் ஆட்டினார்.

“ஆர் அண்ணை அது? அம்மாவையும் தங்கச்சியையும் காணேல்லை.”

“நேசன், அவர் மீன் பிடிக்க வந்தவர். பிரெஞ்சுக்காரர்.”

“சுவிஸிலை பிரெஞ்சுக்காரரும் இருக்கினம்தானே?”

“இருக்காங்க. ஆனா அது சுவிஸ் இல்லைங்க. அது பிரான்ஸ்.”

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று.

பான் நகரத்திலிருந்து விடியும் முன் கிளம்பி, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் வைல் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்திருந்தோம். என் பழைய வண்டியில் குளிர்சாதனம் கிடையாது. அந்த வருடக் கோடையோ ஐரோப்பாவையே வாட்டி எடுத்த கோடை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்தது ஒரு பிரெஞ்சுத் தூண்டில்காரருக்குக் கைகாட்டவா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நேசனின் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் அடங்கிவிட்டன.

திங்கட்கிழமை விமானம்

நேசனைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதியதில்லை. பானில் எங்கள் தெருமுனையில் ஓர் இத்தாலிய உணவகம் இருந்தது. அதன் சமையலறையில் அவருக்கு வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராகக்கூட இருந்திருப்பார். ஆனாலும் முதல் நாளிலிருந்து நான் அவருக்கு ‘அண்ணை’தான். நம் பக்கத்தில் எல்லோரையும் சார் என்பதுபோல, அவர்களுக்கு அது ஒரு மரியாதை.

அவர் கையில் இருந்த காகிதத்துக்கு டுல்டுங் என்று பெயர். ‘உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை’ என்று சொல்லும் காகிதம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. வேறு மாநிலத்துக்குப் போகவே அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். வாங்கியிருந்தார். வைல் இருக்கிற லோராக் மாவட்டம், அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்.

அவருடைய தங்கை வதனி சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரத்துக்கு அப்பால் ஒரு மலையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய பிள்ளைப்பேற்றுக்கென்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். சண்டை ஓய்ந்து, வன்னிப் பாதை திறந்திருந்த காலம் அது. இல்லாவிட்டால் அவர் கொழும்பு வரைகூட வந்திருக்க முடியாது. அம்மாவின் விசா சுவிஸுக்கு மட்டும். ஜெர்மனிக்கு அப்போது தனி விசா, அதற்கு நாளும் இல்லை. திங்கட்கிழமை அவருக்குத் திரும்பும் விமானம்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. இனி எப்போது பார்ப்பார் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

“அம்மாவைப் பாக்கப் போகோணும் அண்ணை, கார் கொண்டு வருவியளோ?” என்று மட்டும்தான் என்னிடம் கேட்டிருந்தார். அம்மா ஜெர்மனிக்கு வருகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஆற்றங்கரையில் வைத்துத்தான் திட்டம் என்னவென்று சொன்னார்.

“ஆத்துக்கு இஞ்சாலை நான், அங்காலை அம்மா. ஒருதரும் எல்லை தாண்டத் தேவையில்லை. கண்ணாலை பாத்திட்டு வந்திடுவன்.”

நீர்தான் எல்லை

இந்தத் தப்பை யாழ்ப்பாணத்துக்காரர்களால்தான் செய்ய முடியும் என்று பிறகு நேசனே சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் தீபகற்பத்தில் ஆறென்று சொல்லிக்கொள்ள ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஒன்று உண்டு, மற்றபடி கிணறும் குளமும் கடலும்தான். போர்க்காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த எல்லை, உப்புத் தண்ணீர் எல்லை. கடல்நீரேரிக்கு இந்தக் கரையில் ஒருவர் ஆட்சி, அந்தக் கரையில் இன்னொருவர் ஆட்சி. நடுவில் இருட்டில் படகு. நேசன் வெளியேறியதும் அப்படி ஒரு படகில்தான். நீருக்கு அந்தப்பக்கம் என்றாலே வேறு நாடு என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போன கணக்கு. அண்ணனும் தங்கையும் தொலைபேசியில் பேசிப் பேசி முடிவுசெய்தார்கள். சுவிஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ரைன் ஓடுகிறது, எல்லையூர் பாசல், ஆகவே பாசலில் அவள் நிற்பாள், பக்கத்து ஜெர்மன் ஊரான வைலில் இவர் நிற்பார்.

ரைன் இப்படியொரு கணக்குக்கெல்லாம் கட்டுப்படுகிற ஆறா?

சுவிஸ் மலைப்பனியில் பிறக்கிறது. லிக்டன்ஸ்டைன் என்கிற கையளவு நாட்டை உரசி, ஆஸ்திரியாவைத் தொட்டு, ஒரு பெரிய ஏரிக்குள் புகுந்து, வெளியே வந்து, அருவியாக விழுந்து, மேற்கே ஓடுகிறது. பாசலில் சட்டென்று வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான் எல்லாக் குழப்பமும். பாசல் நகரத்துக்குள் இரண்டு கரையும் சுவிஸ். அதைத் தாண்டியதும் ஒரு கரை ஜெர்மனி, மறுகரை பிரான்ஸ். அப்புறம் நீண்ட தூரத்துக்கு இரண்டு கரையும் ஜெர்மனி. கடைசியில் ஹாலந்தில் பல கிளையாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. ஆறு நாட்டுக்கு ஓர் ஆறு.

வதனியைக் கைத்தொலைபேசியில் பிடித்தோம்.

“நாங்கள் வெள்ளனவே வந்திட்டம் அண்ணா! ஆத்தங்கரைப் படியிலைதான் இருக்கிறம். நீ எங்கை நிக்கிறாய்?”

நான் தொலைபேசியை வாங்கினேன். “எதிர்ல என்னம்மா தெரியுது?”

“பெரிய தேவாலயம் ஒண்டு. சிவப்புக் கல்லிலை ரெண்டு கோபுரம்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது பாசல் நகரத்தின் பழைய தேவாலயம். அம்மாவும் மகளும் கைக்குழந்தையும் காலையிலிருந்து சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து சுவிட்சர்லாந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்த வேலை

ஆற்றைத் தெரிந்த ஆளாக நான் அங்கே இருந்தது நேசனின் நல்ல காலம் என்று அவர் சொல்லுவார். என் நல்ல காலம் என்று நான் சொல்லுவேன்.

பானில் எனக்கு நீர்மட்டக் கணக்கு பார்க்கும் வேலை. மேலே எவ்வளவு ஏறினால் கீழே எப்போது, எவ்வளவு ஏறும் என்று சொல்வது. அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கும் உண்டு. மேலே எங்காவது ரசாயனமோ எண்ணெயோ ஆற்றில் கலந்துவிட்டால், அந்தத் தண்ணீர் எந்த ஊரை எப்போது தொடும்? கோடிக்கணக்கான பேர் குடிக்கிற தண்ணீர் இது. சரியான நேரத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஆற்றில் மீன் செத்து மிதந்தது என்பார்கள். நான் வந்தபோது பிள்ளைகள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காவிரிக்கரையில், குளித்தலைப் பக்கம் பிறந்தவன். தண்ணீர் திறந்தாச்சா என்று வருடாவருடம் ரேடியோவைப் பார்த்து உட்கார்ந்த குடும்பம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சுவிஸ்காரர் கேட்காமலே ஜெர்மானியருக்குச் செய்தி சொல்வதையும், ஜெர்மானியர் அதே சூட்டோடு ஹாலந்துக்காரருக்குச் சொல்வதையும் பார்த்து வாயைப் பிளந்தேன். இத்தனைக்கும் இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்த கதை நூற்றாண்டுக்கணக்கில் நீளும். இந்த ஆற்றுக்காகவே செத்திருக்கிறார்கள். ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து பாசல் வரை கப்பல் வருகிறதென்றால், வழியில் இருக்கிற எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டதால்தான் வருகிறது. எனக்குச் சோறு போட்டது அந்த ஏற்பாடு. அதற்கு நான் நன்றிகெட்டவனாக இருக்க முடியாது.

சரி, ஆற்றங்கரைக்குத் திரும்புகிறேன். நேசன் அங்கே வெயிலில் நிற்கிறார்.

ஒரே பெயர், இரண்டு ஊர்

ஒரு கரை ஜெர்மனியும் மறுகரை சுவிஸுமாக ஆறு ஓடுவது பாசலுக்கு மேலே. லோராக் மாவட்டத்தை விட்டு நேசன் காலெடுத்து வைக்கக்கூடாது. ஆகவே ஒரே இடம்தான் என் மூளைக்கு எட்டியது. அது ரைன்ஃபெல்டன். ஆற்றின் இரு கரையிலும் அதே பெயரில் இரண்டு ஊர், சுவிஸில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. நடுவில் பழைய பாலம். பாலத்தின் ஓரத்தில், ஆற்றுக்குள், மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தீவு. அது சுவிஸ் மண்.

“வதனி, ஸ்டேஷனுக்குப் போய் ரைன்ஃபெல்டன் ரயிலைப் பிடிங்க. பக்கம்தான். இறங்கி ஆத்துப் பாலம் எங்கேன்னு கேளுங்க. பாலத்துல ஒரு தீவு வரும். அங்கேயே நில்லுங்க, அதுக்கு மேல ஒரு அடி வைக்காதீங்க.”

நேர்வழியில் போனால் எங்களுக்கும் பக்கம்தான். ஆனால் நேர்வழி பாசலுக்குள் புகுந்து போகிறது. நாங்கள் லோராக் மலைப்பக்கம் சுற்றிக்கொண்டு போனோம். வழிநெடுக நேசன் அனுமதிக் காகிதத்தைச் சட்டைப்பைக்குமேல் கையால் அழுத்திக்கொண்டே வந்தார்.

பாலத்தின் ஜெர்மன் முனையில் எல்லைக் காவல் அறை. அதைக் கண்டதும் நேசன் தலையைக் குனிந்துகொண்டு கரைப்பாதையில் விறுவிறுவென்று இறங்கிவிட்டார். சீருடை என்றால் அவருக்கு அப்படி. பான் ரயில்நிலையத்தில் போலீஸ் எதிரே வந்தால் பக்கத்து ரொட்டிக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத ரொட்டியை வாங்கிக்கொண்டு வருவார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. எதிரே தீவு. மரநிழலில் ஒரு தள்ளுவண்டி, ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், பக்கத்தில் நீலச் சேலை.

“அம்மா!” என்று நேசன் கத்தினார். பாறையில் தண்ணீர் மோதும் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. தொலைபேசியில் தங்கையைக் கூப்பிட்டார். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். கொஞ்சம் உயரமானவன். அன்றைக்கு வெள்ளைச் சட்டை. மரியாதைக்கு நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

நீலச் சேலை என்னைப் பார்த்துத் திரும்பியது.

அந்த அம்மா இரண்டு கையையும் என் பக்கமாக நீட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி நீட்டினார். பிறகு இரண்டு கைவிரல்களையும் நெற்றிப்பொட்டில் வைத்து, எனக்கு நெட்டி முறித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டிய கையை எப்படிக் கீழே இறக்குவது என்றே தெரியவில்லை.

“அங்கையில்லை அம்மா! இஞ்சாலை, இஞ்சாலை பாருங்கோ!” நேசன் துள்ளிக் குதித்தார். நீலச் சேலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நேசன் குதிப்பதை மெதுவாக நிறுத்தினார்.

“வதனி,” என்றார் தொலைபேசியில். “அம்மாவுக்குக் கண் தெரியேல்லையோ?”

 அங்கிருந்து அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

“புரை அண்ணா. ஒரு கண் முழுக்க மூடிப்போச்சு, மற்றதும் அரைவாசி. உனக்குச் சொல்ல வேண்டாமெண்டு அம்மாதான் சத்தியம் வாங்கினவ. உன்ரை உருவமாவது தெரியும் எண்டு சொல்லித்தான் வந்தவ.”

அவர் தொலைபேசியை என் கையில் கொடுத்தார். கரைப்பாதையில் ஏறி, யாரைக் கண்டால் ரொட்டிக் கடைக்குள் ஓடுவாரோ அவர்களுடைய அறையை நோக்கி நேராக நடந்தார்.

காலும் கையும்

“நேசன், நில்லுங்க! யோசிச்சுச் செய்யலாம்!” என்று பின்னாலேயே ஓடினேன். அவர் காதில் விழவில்லை. என் பயம் எனக்கு. எதையாவது தப்பாகப் பேசி, எல்லையைத் தாண்டப் பார்த்தார் என்று எழுதிவிட்டால், இருக்கிற காகிதமும் போய்விடுமே.

உள்ளே மீசை வைத்த ஓர் அதிகாரி. நேசன் காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார். அவருடையது சமையலறை ஜெர்மன். இலக்கணம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

“அது என் அம்மா. அவருக்குக் கண் தெரியாது. நான் நாட்டைவிட்டுப் போக மாட்டேன். அவரும் உள்ளே வர மாட்டார். நான் என்ன செய்யலாம், நீங்கள் சொல்லுங்கள்.”

அதிகாரி காகிதத்தைப் படித்தார். திருப்பிப் படித்தார். என்னுடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துத் தீவைப் பார்த்தார். அந்தப் பக்கம் நீலச் சேலை இன்னும் கரையைப் பார்த்தே நின்றது, நாங்கள் யாரும் இல்லாத கரையை.

உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். பாலத்தின் சுவிஸ் முனையில் இருந்தவரோடு ஏதோ பேசினார். அந்த வட்டார மொழி எனக்கே பாதிதான் புரிந்தது. நேசன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பேசி முடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அதிகாரி சொன்னார்:

“பாலத்தின் நடுவில் எல்லைக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. நீங்கள் அதுவரை வரலாம், அவரும் அதுவரை வரலாம். இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் அவர் நிற்பார். கால் தாண்டக்கூடாது.” வாசல் வரை போனவர் திரும்பினார். “கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.”

அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தப் பாலத்தில் யாரும் யாரிடமும் விசா கேட்பதில்லை. அன்றைக்கு அப்படியில்லை. அவர் முடியாது என்று சொல்லியிருந்தால், அதில் தப்பு கண்டுபிடிக்க எவராலும் முடிந்திருக்காது.

குழைச்ச சோறு

வதனி ஒரு கையால் தள்ளுவண்டியையும் மறுகையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா சின்ன உருவம். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். நேசன் அடையாளத்துக்கு இந்தப் பக்கம், சப்பாத்தின் நுனி அதில் படாதபடி நின்றார். 

அம்மா கையை நீட்டித் துழாவினார். நேசன் அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

“என்னைத் தெரியுதோ அம்மா?”

“தெரியேல்லை மோனை,” என்றார் அம்மா. “ஆனா நீதான்.”

கன்னம், காது, கழுத்து என்று அந்தக் கை ஊர்ந்தது. உச்சந்தலைக்குப் போனதும் நின்றது.

“என்ன மோனை, மொட்டை அடிச்சுப்போட்டியே?”

“இல்லையம்மா. எல்லாம் கொட்டுண்டு போச்சு.”

அழுதுகொண்டிருந்த வதனி பக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஜெர்மன் அதிகாரிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சுவிஸ்காரர் இளைஞர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நடைபாதையிலேயே சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். வதனி பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்துத் திறந்தாள். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கையால் குழைக்க ஆரம்பித்தார். யாழ்ப்பாண வீடுகளில் அது ஒரு வழக்கம். ஒருவர் நடுவில் உட்கார்ந்து குழைப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவார்கள், ஆளுக்கொரு உருண்டை கையில் வந்து விழும். தட்டும் வேண்டாம், இலையும் வேண்டாம்.

“ஆர் ஆர் நிக்கினம்? சொல்லு பிள்ளை.”

“அண்ணா, காரிலை கூட்டிவந்த அண்ணை, ரெண்டு பொலிஸ்காரர்.”

“எல்லாரையும் கையை நீட்டச் சொல்லு.”

முதல் உருண்டை எல்லையைத் தாண்டி நேசனின் கையில் விழுந்தது. அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது எனக்கு. மீசைக்காரரை நேசன் பார்த்தார், நான் பார்த்தேன். மனிதர் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். வாயில் போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு காதும் சிவந்துவிட்டன. “ஷார்ஃப்!” என்றார், காரம் என்று அர்த்தம். பிறகு மறுபடி கையை நீட்டினார் பாருங்கள், அப்போது அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அம்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை. உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப முதல் கை காட்டினது ஆர்?” என்று திடீரென்று கேட்டார்.

“அது நான்தாங்கம்மா. மன்னிச்சுக்கங்க.”

“அதுக்கென்ன தம்பி. உமக்கும் நாவூறு கழிஞ்சுது எண்டு நினையும்.”

கண்ணேறுதான் அவர்கள் பேச்சில் நாவூறு.  என்னைப் பெற்றவள் போன பிறகு எனக்காக யாரும் நெட்டி முறித்ததில்லை. தவறுதலாக வந்ததுதான், இருந்தாலும் வந்ததே.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அதிகாரிகள் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழந்தைதான் பசித்து அழுதது. வதனி ரயில் நேரத்தைச் சொன்னாள். அம்மா எச்சில் கையோடு எழுந்து, புறங்கையால் நேசனின் கன்னத்தைத் தொட்டார். “சாப்பாட்டை விட்டிடாதை” என்றார். 

தீவுக்குத் திரும்பியதும் வதனி அவரைப் படிவழியே நீர் வரை இறக்கிவிட்டாள். அம்மா குனிந்து ரைன் ஆற்றில் கை கழுவினார், டப்பாவையும் கழுவினார். நேசன் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, நீலச் சேலை மரங்களுக்குள் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம்

திரும்பும் வழியில் நேசன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அழுகிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இல்லை, ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அந்த ஆறு தானே எங்கடை பானுக்கும் வருது?”

“அதேதாங்க.”

“அம்மா கை கழுவின தண்ணி எப்ப வரும்?”

 ரசாயனத்துக்கும் எண்ணெய்க்கும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். இப்படி ஒன்றுக்கு யாரும் கேட்டதில்லை. பாசல், தடுப்பணைகள், ஸ்ட்ராஸ்பூர்க், மான்ஹைமில் ஒரு துணையாறு, மைன்ஸில் ஒன்று, கோப்லென்ஸில் ஒன்று, இத்தனையும் தாண்டி வரவேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்த காலம், நடையும் மெதுவாகத்தான் இருக்கும்.

“நாளைக்கழிச்சு ஆபீஸ் போய்ப் பாத்துச் சொல்றேன் நேசன்.”

திங்கட்கிழமை மேலே உள்ள அளவுகளை எல்லாம் வாங்கி, வேறு எந்த வேலைக்கும் காட்டாத அக்கறையோடு கணக்குப் போட்டேன். அவருடைய அம்மா அந்நேரம் விமானத்தில் இருந்திருப்பார். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி மத்தியானத்துக்குள் என்று வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பான் ஆற்றங்கரைக்கு நான் போனபோது, நேசன் எனக்கு முன்பே வந்து கல்லில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பா.

“இப்பவோ அண்ணை?”

“இப்பதான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.”

டப்பாவைத் திறந்தார். சோறு, பருப்பு, ஏதோ ஒரு குழம்பு. “இண்டைக்கு நான் குழைக்கிறன். கையை நீட்டுங்கோ.” உப்பு கூடிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். சரக்குக் கப்பல் ஒன்று பாதிச் சுமையோடு மெல்லப் போயிற்று. ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.

பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கற்களில் பார்த்துப் பார்த்து இறங்கினார். தண்ணீரில் கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல் கழுவினார்.

“நீங்களும் வாங்கோ அண்ணை,” என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நானும் இறங்கிக் கை கழுவினேன்.